றிமோட் கார் ஓட்டுகிற பெடியன்களுக்கு ஒரு சீமெந்துத் தளம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரை வீதியில் பின்னேரங்களில் றிமோட் கார் ஓட்டுகிற இளைஞர்களைப் பற்றி உங்கள் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நடக்கப் போகிறவர்களின் காலில் வந்து மோதுகிறது, வெளிநாட்டு விளையாட்டுச் சாமானுக்குக் காசைக் கொட்டுகிறார்கள், படிக்கிற வயதில் இது தேவையா, மாநகர சபை தடை போட வேண்டும் என்று எழுதியிருந்தார். முதலாவதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அந்தக் காரை ஒருதரம் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்காமல் எழுதியது என்றே நினைக்கிறேன்.

நான் மோட்டர் சுற்றுகிற தொழில் செய்கிறவன். வயல் பம்பு, கிணற்றுப் பம்பு, கிரைண்டர், ஆலை மோட்டர் எல்லாம் கருகிப்போய் என் மேசைக்கு வரும், செம்புக் கம்பி மாற்றிக் கட்டிக் கொடுப்பேன். அப்படியான என்னிடம் அக்காவின் மகன் ஒருநாள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மோட்டரைக் கொண்டு வந்து, "மாமா, இது பின்னுக்குச் சுத்துது, என்ன செய்யிற?" என்று கேட்டான். பார்த்தால் மூன்று வயர். "மூண்டில எந்த ரெண்டையாவது மாத்திப் பூட்டு மனே" என்றேன். மாற்றினான், முன்னுக்குச் சுற்றியது. மூன்று பேஸ் பம்பு மோட்டரில் நாங்கள் காலம் காலமாகச் செய்கிற அதே வேலை. கார்பன் பிறஷ் இல்லாத இந்தச் சின்ன மோட்டரும் உள்ளுக்குள் அதன் சொந்தக்காரன்தான், காந்தம் சுற்றும், சுருள் அசையாமல் நிற்கும், எந்தச் சுருளுக்கு எப்போது மின் போக வேண்டும் என்பதை இ.எஸ்.சி. என்று அவர்கள் சொல்கிற ஒரு சின்னப் பலகை பார்த்துக்கொள்ளும். அன்றைக்குத் தொடங்கியதுதான், இப்போது பின்னேரமானால் கடை வாசலில் இரண்டு மூன்று பெடியன்கள் நிற்கிறார்கள்.

அவர்கள் ஓட்டுவது கடையில் பெட்டியோடு வாங்குகிற கார் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். உடம்பு லெகோ கட்டை. டென்மார்க் நாட்டுச் சாமான், ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்கிற அந்தக் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கேட்டார்கள், 1977-இல் துளை போட்ட கட்டை, அச்சு, பல்லுச் சக்கரம் எல்லாம் உள்ள டெக்னிக் வகை வந்தது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அதே அளவில் வேறு கம்பனிகளும் செய்கின்றன, விலை குறைவு. இங்கே பெடியன்களிடம் இருப்பதில் பாதி வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரின் பிள்ளைகள் விளையாடி முடித்து அனுப்பிய பழைய கட்டைகள், மீதி அந்த மலிவுக் கட்டைகள். அதற்குள் பொழுதுபோக்கு விமானத்துக்கும் ட்ரோனுக்கும் போடுகிற மோட்டர், அதற்குரிய லிப்போ என்கிற லிதியம் பொலிமர் பற்றரி, சக்கரத்தைத் திருப்புவதற்கு சேர்வோ என்கிற ஒரு சின்ன மோட்டர், 2.4 கிகாஹேர்ட்ஸ் றிமோட். இந்த இரண்டு உலகமும் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருத்துகிற பாகம் எந்தக் கடையிலும் தொங்காது, பிள்ளைகளே கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடித்து எடுக்கிறார்கள்.

சரி, ஏன் இவ்வளவு வேகம், மெதுவாக ஓட்டினால் என்ன என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஆனால் என் பதில் அவருக்குப் பிடிக்காது. வேகம் இல்லாவிட்டால் இதில் படிக்க ஒன்றும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். லெகோ கம்பனியின் பழைய பெரிய மோட்டர் 9 வோல்ற்றில் சும்மா சுற்றினால் நிமிடத்துக்கு 220 சுற்று அளவில் வரும். விட்டம் 68.8 மில்லிமீற்றர் உள்ள சக்கரத்தை நேரே அதில் பூட்டினால் மணிக்கு மூன்று கிலோமீற்றர்கூடத் தேறாது, நாம் நடக்கிற வேகமும் இல்லை. அந்த வேகத்தில் எதை எப்படிப் பூட்டினாலும் ஓடும். கோணலாகப் பூட்டினாலும் ஓடும். பிள்ளைக்கு எது சரி எது பிழை என்று கார் சொல்லாது.

இனி அந்தச் சின்ன மோட்டர். அதன் மேல் 1000 கே.வி. என்று எழுதியிருக்கும், கிலோவோல்ற் என்று பயப்படத் தேவையில்லை, ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று என்பதுதான் அது. இரண்டு செல் பற்றரி 7.4 வோல்ற், ஆகவே 7400 சுற்று. மூன்றுக்கு ஒன்று என்று கியர் போட்டுக் குறைத்தால் சக்கரத்துக்கு ஏறக்குறைய 2470 சுற்று வரும், அதே சக்கரத்தில் மணிக்கு 32 கிலோமீற்றர். பற்றரியை மூன்று செல்லாக்கி 11.1 வோல்ற் கொடுத்தால் 48 கிலோமீற்றர். காற்றும் உராய்வும் பாரமும் கொஞ்சத்தைத் தின்னும், இருந்தாலும் அளவு அதுதான். முப்பது ஆம்பியர் தாங்குகிற இ.எஸ்.சி. வழியாக 11.1 வோல்ற்றில் முழுதாக இழுத்தால் 333 வாற், வீட்டில் நான்கு சீலிங் பேன் ஒன்றாகச் சுற்றுகிற வலு உள்ளங்கை அளவு பிளாஸ்ரிக்குக்குள் போகிறது. இப்போது கார் பேசத் தொடங்கும்.

முதலில் பேசுவது துளை. லெகோவில் பிளாஸ்ரிக் அச்சு பிளாஸ்ரிக் துளைக்குள் நேரே சுற்றுகிறது, மெதுவாகச் சுற்றும்வரை பிரச்சினை இல்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றத் தொடங்கினால் அந்த உராய்வின் சூடு போக இடம் இல்லை. ஒரு பெடியன் ஓட்டிவிட்டு வந்து காரைக் கழற்றினான், பின் அச்சு வந்த துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது, விளிம்பில் உருகிய பிளாஸ்ரிக் சின்ன வளையமாக எழும்பி நின்றது, சுற்றிவர மாவு போலச் சாம்பல் நிறத் தூள், சுருள் கருகும்போது வருகிற மணத்துக்குக் கொஞ்சம் கிட்ட ஒரு மணம். இதைப் பார்த்த பிறகு அவனுக்கு, அச்சை உராயாமல் சுற்ற விடுகிற பெயாரிங் ஏன் வேண்டும் என்று யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உள் விட்டம் 5, வெளி விட்டம் 8 மில்லிமீற்றர் உள்ள சின்னப் பெயாரிங் கிடைக்கிறது, லெகோ அச்சு 4.8 அளவு என்பதால் கிட்டத்தட்ட உட்காரும், அதைப் பிடித்து வைத்திருக்கிற கூட்டை அச்சடித்து, கட்டையின் துளைகளோடு பொருந்துகிற மாதிரி இரண்டு பக்கமும் காது வைத்து வரைந்தான். நானே பார்த்து அசந்த வேலை.

அப்புறம் பேசுவது கியர். இந்தக் கட்டைகளின் கணக்கு அழகானது: இரண்டு கியரின் பற்களைக் கூட்டி இரண்டால் பிரித்தால் அவற்றின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் மில்லிமீற்றரில் வந்துவிடும். எட்டுப் பல்லும் இருபத்துநான்கு பல்லும் சேர்ந்தால் 32, பாதி 16. துளைகள் 8 மில்லிமீற்றருக்கு ஒன்று என்பதால் இரண்டு துளை தள்ளிச் சரியாக உட்காரும். ஆனால் எட்டுப் பல்லுக் கியர் மெலிந்தது, வலு கூடிய மோட்டர் இழுத்தால் பல் கழன்று பறக்கும், ஆகவே பன்னிரண்டுக்கும் முப்பத்தாறுக்கும் போகிறார்கள், அதே மூன்றுக்கு ஒன்று, தூரம் 24, மூன்று துளை. இந்தக் கணக்கைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் எத்தனை பேர், செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிபரன்சலுக்குள் இருக்கிற சின்னச் சரிவுக் கியர்கள் அடுத்ததாகப் போகும். திருப்புகிற சக்கரத்துக்கு வலு கொண்டுபோகிற பிளாஸ்ரிக் மூட்டு அதற்கும் முதலே போகும், அதனால் முன் சக்கரத்துக்கு வலு கொடுக்காமல் பின் சக்கரத்தை மட்டும் ஓட்டுவது நல்லது என்று பெடியன்கள் தாங்களாகவே முடிவுக்கு வந்துவிட்டார்கள். பெரிய வாகனக் கம்பனிகளில் இதே முடிவுக்கு எத்தனை கூட்டம் வைத்து வந்திருப்பார்களோ தெரியாது.

வெளியில் பார்க்கிறவருக்கு மந்திரம் மாதிரித் தெரிகிற பாகம் ஒன்று இருக்கிறது, மோட்டரையும் அச்சையும் சேர்க்கிற அந்தக் குட்டிக் குழாய். மோட்டரின் தண்டு 3.17 மில்லிமீற்றர் உருண்டை உருக்கு, மறுபக்கம் சிலுவை வடிவில் 4.8 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக். இதை அச்சடிப்பதில்தான் பிள்ளைகளின் பொறுமை சோதிக்கப்படும். இயந்திரம் பிளாஸ்ரிக்கை உருக்கிக் கோடு கோடாக அடுக்குகிறது, வரைந்த துளையை விட அடித்து வருகிற துளை எப்போதும் கொஞ்சம் சிறிது, எவ்வளவு சிறிது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. ஆகவே முதலில் 4.8, 4.9, 5.0, 5.1 என்று துளை போட்ட ஒரு சின்னத் தகட்டை அடித்து, எந்தத் துளையில் அச்சு விரலால் தள்ளினால் போகிறது, ஆனால் தானாக விழவில்லை என்று பார்த்து அந்த அளவை எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேரே பாகத்தை அடிக்கிறவன் சுருள் சுருளாகப் பிளாஸ்ரிக்கை வீணாக்குவான். அடுக்கு எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம்: குழாயை நிமிர்த்தி வைத்து அடித்தால் முறுக்குகிற விசை அடுக்குகளைப் பிரித்து எறிந்துவிடும், படுக்கவைத்து அடித்தால் நிற்கும், துளையின் வட்டம் கொஞ்சம் கெடும், பரவாயில்லை, துருவி எடுக்கலாம். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும் என்பதை பதினேழு வயதில் கையால் படிக்கிறான்.

பிளாஸ்ரிக்கிலும் வித்தியாசம் இருக்கிறது, நம்முடைய ஊர் வெயிலுக்கு அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லாரும் முதலில் வாங்குவது பி.எல்.ஏ., அடிக்க லேசு, ஆனால் 60 பாகையைத் தாண்டினால் இளகத் தொடங்கும். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் கண்ணாடி மூடிய வாகனத்துக்குள் காரை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மோட்டர் தாங்கி வளைந்திருக்கும். லெகோ கட்டைகள் ஏ.பி.எஸ். என்கிற வேறு பிளாஸ்ரிக் என்பதால் 100 பாகை வரை நிற்கும், தாங்கி மட்டும் சாய்ந்திருக்கும், பார்க்கிறவனுக்குக் காரணம் விளங்காது. மோட்டருக்குக் கிட்டப் பூட்டுகிறதையெல்லாம் பெட்ஜி என்கிற பிளாஸ்ரிக்கில் அடிக்கச் சொல்கிறேன், அது 80 பாகை அளவு தாங்கும். இன்னொன்று நம்முடைய வாவிக் காற்று. பிலமென்ட் என்கிற அச்சடிக்கும் பிளாஸ்ரிக் இழை ஈரத்தைக் குடிக்கும், நைலோன் எல்லாவற்றையும்விடக் குடிக்கும், ஈரமானதை அடித்தால் பிளாஸ்ரிக் உருகி வருகிற இயந்திரத்தின் மூக்கில் பட் பட் என்று சத்தம் வரும், பாகம் முழுக்க மயிர் மயிராக நூல் தொங்கும். மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் வாளிக்குள் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு வையுங்கள், காசு செலவில்லை. பெயாரிங்குகளுக்கும் அதே கதை: கடற்கரையில் ஓட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் உப்புப் பிடித்துக் கரகரக்கும், மணல் கியருக்குள் போனால் அரைத்துத் தள்ளிவிடும். கடற்கரை இந்தக் கார்களுக்கு உண்மையில் கெட்ட இடம். வேறு இடம் இல்லாததால்தான் அங்கே போகிறார்கள்.

காசு விடயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுச் சாமானுக்குக் காசு போகிறது என்று எழுதியவருக்கு, மோட்டரும் பற்றரியும் வெளிநாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் கடைக்கு வருகிற பம்பும் வெளிநாடுதான். ஆனால் உடைகிற பாகத்தை இங்கேயே செய்யலாம் என்பதுதான் இந்த விளையாட்டில் மாறிய விடயம். உருக்கி அடுக்குகிற அந்த முறைக்கு 1989-இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், அது 2009-இல் முடிந்தது. அதற்கு முன்னரே, 2005-இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பவர் தன் பாகங்களில் ஒரு பங்கைத் தானே அச்சடித்துக்கொள்ளும் இயந்திரத்தை எல்லாரும் செய்யலாம் என்று திறந்து விட்டிருந்தார். இரண்டும் சேர்ந்துதான் இந்த இயந்திரத்தின் விலை விழுந்தது. ஐந்து கிராம் எடையுள்ள பாகம் ஒரு கிலோ பிளாஸ்ரிக் இழைச் சுருளில் 200 வரும். உடைந்தால் இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எடுக்கலாம், தபாலைப் பார்த்துக் கிடக்கத் தேவையில்லை.

2022-இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது உதிரிப் பாகத்துக்கு என்னைப் போன்ற தொழிலாளிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பம்பு மோட்டரின் பின் பக்கத்தில், மூடிக்குள், ஒரு பிளாஸ்ரிக் காற்றாடி இருக்கும். மோட்டரைக் குளிர்விக்கிறது அதுதான், அது வெடித்தால் மோட்டர் சூடாகித் திரும்பவும் கருகும், சுருளை நான் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பயனில்லை. அந்தக் காற்றாடி தனியாகக் கிடைப்பது பெரும்பாடு. என் மருமகன் கார் செய்யப் பழகிய கையால் உடைந்த காற்றாடியைக் கலிப்பரால் அளந்து, தண்டுக்கு வருகிற துளையின் தட்டைப் பக்கத்தையும் விடாமல் வரைந்து, பெட்ஜியில் அடித்துக் கொண்டு வந்தான். பி.எல்.ஏ. வேண்டாம் மாமா, மோட்டர்ச் சூட்டுக்கு இளகிவிடும் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். அந்தப் பம்பு இப்போது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறது. படிக்கிற வயதில் இது தேவையா என்று கேட்ட வாசகருக்கு இதைவிட நான் என்ன சொல்ல?

உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு 2013-இல் தொடங்கப்பட்டது. பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிற பிள்ளைகள் நம்முடைய மாவட்டத்திலும் அம்பாறையிலும் நிறையப் பேர். கியர் விகிதம், பெயாரிங், மோட்டர், உராய்வு எல்லாம் பாடத்தில் இருக்கிறது. ஒரு பாடசாலையில் முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கிறது, நான் கண்ணால் கண்டேன், பூப்போட்ட துணியால் மூடி, அதன் மேல் பொலித்தீனும் சுற்றி, அலுமாரிக்குப் பக்கத்தில். திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடும் என்பது காரணமாம். பழுதானால் என்ன சேர்? மூக்கு அடைபட்டால் புதிய மூக்கு மாற்றுவது ஒரு சின்ன வேலை, செலவும் பெரிதில்லை, பெல்ற் தளர்ந்தால் இறுக்கலாம். ஓடாமல் நிற்கிற மோட்டர்தான் முதலில் பிடித்துக்கொள்ளும், இது என் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விடயம். பெடியன்கள் இப்போது அச்சடிப்பதற்குக் காசு கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பி எடுக்கிறார்கள்.

இனி எனக்குப் பயமாக இருக்கிற விடயம் ஒன்று, காரைவிட இதுதான் ஆபத்து, அந்த வாசகர் இதைத் தொடவே இல்லை. லிப்போ பற்றரி. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ற், சாதாரணக் கணக்கில் 3.7, மூன்று வோல்ற்றுக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும், கெட்டதைத் திரும்ப ஏற்றினால் வீங்கும், வீங்கினதைத் தொடர்ந்து பாவித்தால் தீப்பிடிக்கலாம். இது பழைய ஈய பற்றரி மாதிரிப் பொறுமையான சாமான் இல்லை. பற்றரியை விற்கிறவர்கள் அதற்குரிய சார்ஜரைச் சேர்த்துக் கொடுப்பதில்லை, சொல்வதும் இல்லை, பிள்ளை காசை மிச்சம் பிடிக்க வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு அடாப்டரை வெட்டிப் பூட்டுகிறான். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்துகிற சார்ஜர்தான் வேண்டும், அதற்குத்தான் பற்றரியில் அந்தச் சின்ன வெள்ளைப் பிளக் இருக்கிறது. 2200 மில்லி ஆம்பியர் மணி பற்றரி என்றால் 2.2 ஆம்பியருக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. மெத்தையில், நுளம்பு வலைக்குப் பக்கத்தில் வைத்து ஏற்ற வேண்டாம், சீமெந்து நிலத்தில், மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். ஓட்டாத நாட்களில் முழுதாக ஏற்றி வைக்காமல் செல்லுக்கு 3.8 அளவில் வையுங்கள். இ.எஸ்.சி. சிலவற்றில் பற்றரி வகையைத் தெரிவு செய்கிற சின்ன ஜம்பர் இருக்கும், அது லிப்போவுக்கு மாற்றப்படாமல் இருந்தால் பற்றரி இறங்கும்போது நிறுத்தாது. கடைக்காரர்கள் இவ்வளவையும் ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் அடித்துப் பற்றரியோடு சுற்றிக் கொடுத்தால் அது பெரிய உதவி, செலவும் பெரிதில்லை.

காலில் மோதுகிற விடயத்தில் அந்த வாசகரோடு நான் நிற்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நான்கு மடங்காகும். ஒரு கிலோவுக்கு மேல் நிறையுள்ள கார் 40 கிலோமீற்றரில் வந்து ஒரு குழந்தையின் கணுக்காலில் பட்டால் எலும்பு போகும். பழைய கல்லடிப் பாலத்தில் ஓட்டுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன், 1924-இல் கட்டிய பாலம், மனிதர் நடந்து கடக்கிற இடம், அங்கே ஓட்டுவது மடத்தனம், என் மருமகன் ஓட்டினாலும் அப்படித்தான் சொல்வேன். றிமோட்டின் தொடர்பு அறுந்தால் கார் நின்றுவிட வேண்டும், அதை முதலில் செட் பண்ண வேண்டும். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு றிமோட்டை அணைத்துப் பாருங்கள், சக்கரம் நிற்காவிட்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. சுவிட்சைப் போடும்போது றிமோட் முதலில், பிறகு கார், அணைக்கும்போது கார் முதலில். விமானத்துக்குரிய இ.எஸ்.சி. மலிவு என்று வாங்கிப் போடுகிறவர்கள் கவனிக்க, அதில் பின்னோட்டமும் இல்லை, பல நேரம் பிறேக்கும் இல்லை, கை விட்டாலும் கார் உருண்டுகொண்டே போகும். ரயர் கூட அந்த வேகத்தில் விரிந்து றிம்மை விட்டுக் கழன்று பறக்கும், ஒட்டுப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

தடை போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுவதை விட மாட்டார்கள், ஒழுங்கைக்குள் போவார்கள், அங்கே சைக்கிளில் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காந்தி பூங்காவில் சனம், வெபர் மைதானத்தில் விளையாட்டுக்காரர், கடற்கரையில் மணலும் நடைபயிற்சிக்காரரும். அப்படியென்றால் எங்கே?

எனக்குத் தோன்றுகிற இடம் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம். சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்திலும் நம்முடைய படுவான்கரையிலும் ஆலைகளோடு சேர்ந்த தளங்கள் இருக்கின்றன, தட்டையானது, அகலமானது, சுற்றிச் சின்ன வரம்பு இருக்கும், ஆள் நடமாட்டம் இல்லை. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் அளவிலும், சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பர் அளவிலும். அந்த மாதங்களில் தளத்தில் நெல் இருக்கும், யாரும் கேட்கப் போவதில்லை. மழைக்காலத்தில் கார்களும் ஓடாது. மீதி மாதங்களில் அந்தத் தளத்தில் நாய் படுத்திருக்கிறது. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் போதும். வரம்போரம் பழைய ரயர்களை அடுக்கினால் கார் வெளியே பாயாது, ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், பார்க்கிறவர்கள் வரம்புக்கு வெளியே, பற்றரி ஏற்றுவது வெளியில், வாளி நிறைய மணல் பக்கத்தில். ஒவ்வொரு காரையும் ஓட முன் தூக்கிப் பிடித்து அந்தத் தொடர்பு அறுகிற சோதனையைச் செய்து காட்ட வேண்டும். நாலு தடியை நட்டு அதைச் சுற்றி வர விட்டால் வேகமும் தானாகக் குறையும், வெட்டித் திருப்பத் தெரிந்தவன் ஜெயிப்பான், நேரே பறக்கிறவன் தடியில் மோதி வீட்டுக்குப் போய்த் திரும்ப வரைவான்.

கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்திலும் செய்கிற பெடியன்கள் இருக்கிறார்கள் என்று என் கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஒருவரிடம் பிரிண்டர் இருக்கும், ஒருவரிடம் கட்டை இருக்கும், ஒருவருக்குச் சுருள் கட்டத் தெரியும், இப்போது ஆளுக்கொரு மூலையில். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, அங்கே படிக்கிற மாணவர்கள் யாராவது மாதத்தில் ஒருநாள் வந்து வரைகிற மென்பொருளைக் காட்டிக் கொடுத்தால் நல்லது. ஃப்ரீகேட், ஓப்பன்ஸ்கேட் போன்றவை இலவசம், பழைய கணினியிலும் ஓடும், பிள்ளைகள் தட்டுத் தடுமாறி யூடியூப்பில் வேற்று மொழியில் பார்த்துப் படிக்கிறார்கள்.

மாநகர சபைக்கு என் வேண்டுகோள் சின்னது: கடற்கரை வீதியிலும் பாலத்திலும் ஓட்ட வேண்டாம் என்று பலகை போடுங்கள், அதே பலகையில் எங்கே ஓட்டலாம் என்றும் ஒரு வரி எழுதுங்கள். தளம் தரக்கூடிய ஆலைக்காரர் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் உங்கள் பத்திரிகைக்கே எழுதட்டும். ஓடி முடிந்ததும் உடைந்த பிளாஸ்ரிக் துண்டு ஒன்றுகூட நெல்லோடு கலக்காமல் தளத்தைக் கூட்டிக் கொடுப்பது பெடியன்களின் வேலை, அதை நின்று பார்ப்பது என் வேலை.

இப்படிக்கு,
மோட்டர் சுற்றும் வாசகன்,
கல்லடி, மட்டக்களப்பு.